நாய் மட்டும் பிழைத்த விவரம்

ஓய்வு பெற்ற பிறகு சமையல் என் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. எழுத்துமூலமான உத்தரவு எதுவும் இல்லை. என் மனைவியின் முழங்கால்கள் அடுப்படியில் நிற்க மறுத்த ஒரு காலையில் பொறுப்பு ஒப்படைப்பு தானாகவே நடந்து முடிந்தது. தஞ்சாவூரில் இந்தச் சின்ன வீட்டின் சமையலறை வாசலில் அவள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே நிற்கிறேன். நாய் எங்கள் இருவருக்கும் நடுவில், யார் கையிலிருந்து எது விழுந்தாலும் எட்டும் இடமாகப் பார்த்துப் படுத்திருக்கிறது.

"நாய்க்குப் பருப்பு எடுத்து வெச்சீங்களா?"

"வெச்சாச்சு."

"உப்பு போடறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

"வெங்காயம் வதக்குன கரண்டியால எடுத்திருப்பீங்க."

"இல்ல. வேற கரண்டி."

"எங்க, காட்டுங்க."

காட்ட வேண்டும். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ தணிக்கை பார்த்திருக்கிறேன். கரண்டியைக் காட்டச் சொன்ன அதிகாரி யாரும் இல்லை.

எங்களுடையது பெரிய சமையல் அல்ல. சோறு, பருப்பு, ஒரு காய், ரசம், மோர். நாய்க்கு அதே சோறு, அதே பருப்பு, வேகவைத்த பூசணித் துண்டு, சில நாள் முட்டை. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, திராட்சை ஆகாது, வெந்த கோழி எலும்பு ஆகவே ஆகாது என்று ஒரத்தநாட்டில் ஓர் இளம் கால்நடை டாக்டர் எங்களுக்கு விளக்கினார். அவர் சொல்லச் சொல்ல என் மனைவி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். புதிதாகக் கற்றுக்கொள்பவர் ஆட்டும் ஆட்டம் அல்ல அது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை மேல்கோர்ட்டு உறுதி செய்யும்போது ஜெயித்த கட்சிக்காரர் ஆட்டுவாரே, அந்த ஆட்டம்.

அவளுக்கு அந்த உரிமை உண்டு. பல வருஷங்களுக்கு முன்பு வேறொரு நாயை உயிரோடு வைத்திருந்ததற்காக அரசாங்கத்துக்கு விளக்கம் எழுத வேண்டிவந்த குடும்பம் எங்களுடையது.

நான் அப்போது வருவாய் ஆய்வாளர். ஜனங்கள் வாயில் ஆர்.ஐ. குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தங்கி வேலை பார்த்தேன். ஆட்சி மாறி, கோட்டையில் புதிய கட்சி உட்கார்ந்து, குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்த காலம். எந்த வயலை யார் உழுகிறார் என்பது ஊரில் இடுப்புக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதை எழுதிக்கொள்ள அரசாங்கத்துக்கு மனு, நோட்டீஸ், சாட்சி, ஆட்சேபணை, விசாரணை, மேல்முறையீடு எல்லாம் தேவைப்பட்டன. நான் விசாரித்து அறிக்கை அனுப்புவேன். முடிவெடுப்பவர் தனித் தாசில்தார். அவர் முடிவெடுப்பதற்குள் அவரை மாற்றிவிடுவார்கள்.

எங்கு பார்த்தாலும் கொடிகள். கூலியாட்கள் குடியிருப்பின் முனையில் செங்கொடி, கடைத்தெருவில் கறுப்புச் சிவப்பு. கூலித் தகராறில் பக்கத்து ஊர்களுக்குப் போலீஸ் வண்டி வந்து போய்க்கொண்டிருந்தது. மனுக்கள் எல்லாம் மேடைப்பேச்சுத் தமிழில் வந்தன. 'உழைத்து உழைத்து உருக்குலைந்த உள்ளத்தோடு' என்று தொடங்கும். கடைசி வரியில்தான் எந்த வயல் என்பது தெரியவரும்.

எங்கள் கதைக்கு வேண்டிய வயல் ஊருக்குத் தெற்கே, வடிகால் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. பண்ணை வைத்து நானே சாகுபடி செய்கிறேன் என்றார் ஒரு மிராசுதார். என் அப்பன் காலத்திலிருந்து குத்தகைக்கு நாங்கள்தான் உழுகிறோம் என்றார் ஒரு குடியானவர். இருவரும் ஒரே வயலில் மாறி மாறி நாற்றை நட்டார்கள், மாறி மாறி களை எடுத்தார்கள். அந்த வருஷம் அந்த வயலுக்குக் கிடைத்த கவனிப்பு டெல்டாவில் வேறெந்த வயலுக்கும் கிடைத்திருக்காது.

விசாரணை அதிகாரிக்கு முதல் விதி, எந்தத் தரப்பின் வீட்டிலும் கை நனைக்கக்கூடாது. மிராசுதார் வீட்டு மோர் குடித்தால் நான் பண்ணைக்காரன். குடியானவர் வீட்டு நீராகாரம் குடித்தால் நான் சங்கத்துக்காரன். அதனால் வீட்டுச் சாப்பாடுதான், எங்கே போனாலும் தூக்குவாளிதான். ஆனால் குடியிருக்க வீடு வேண்டுமே. ஓட்டு வீடு ஒன்றே ஒன்று காலியாக இருந்தது, அதுவும் மிராசுதார் குடியிருந்த சைவத் தெருவில். வீட்டுக்காரர் மதராசுக்குப் போய்விட்டவர். சாவி கொடுக்கும்போது ஒரே நிபந்தனை போட்டார். மீனும் மாமிசமும் அடுப்பில் ஏறக்கூடாது. என் மனைவி பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண், மீன் வாசம் இல்லாமல் சோறு இறங்காது அவளுக்கு. இருந்தும் ஒப்புக்கொண்டாள். அந்த வருஷம் அவளிடம் எதைக் கேட்டாலும் ஒப்புக்கொண்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்த ஊருக்கு வருவதற்குச் சற்று முன்புதான் எங்கள் முதல் பிரசவம் குழந்தையில்லாமல் முடிந்திருந்தது. அதைப் பற்றி அவள் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. சமைப்பாள், பரிமாறுவாள், கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நான் முகாம் முடிந்து வந்தபோது கொல்லையில் பேச்சுக்குரல் கேட்டது. "டேய், டேய், அது என் புடவைடா" என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். வைக்கோல் நிறத்தில் ஒரு நாய்க்குட்டி அவள் முந்தானையைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அதற்குப் பெயரே வைக்கவில்லை. டேய் என்றால் வரும். தெருவில் யாரை யார் டேய் என்று கூப்பிட்டாலும் அதுவும் போய் நிற்கும். அந்த வீட்டில் மறுபடி பேச்சு வந்தது அந்த நாயால்தான் என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அறிக்கையில் எழுத இடமும் இல்லை.

நாய் வளர்ந்தது. தெருவில் மோர் சாதம், குடியானவர் தெருவில் மீன் முள், மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கீழே சிந்திய பால். எனக்குத் தடை செய்யப்பட்ட எல்லா வீட்டிலும் அது சாப்பிட்டது.

சம்பா கதிர் விடும் பருவத்தில் எலி வந்தது. அந்த ஊரில் எலிக்கு மூங்கில் கிட்டி வைப்பவர்கள் உண்டு. எலி கூடிப்போனால் மருந்து. கறுப்புத் தூள் மருந்தைத் தீனியில் பிசைந்து வரப்போரம் வைப்பார்கள். அதைத் தின்ற எலியைத் தின்கிற நாயும் போய்விடும். அதனால் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மருந்து வைப்பதற்கு முந்தின நாள் தலையாரி தெருத்தெருவாகத் தண்டோரா போடுவார். இன்னார் வயலில் நாளைக்கு மருந்து, நாயைக் கட்டுங்க, ஆட்டைப் பிடிங்க, கோழியை அடைங்க என்று அறிவிப்பார். எல்லோரும் கட்டுவார்கள். நல்ல வழக்கம். அரசாங்கம் ஏற்படுத்தாததால் ஒழுங்காக நடந்துவந்தது.

தகராறு வயலுக்கு மருந்து வைக்கும் முறை வந்தபோதுதான் சிக்கல். தலையாரி தமுக்கோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"யார் வயல்னு சொல்றதுங்க?"

அந்தக் கேள்வியைத்தான் அரசாங்கமே என்னைக் கேட்டு அனுப்பியிருந்தது.

இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினேன். தண்டோராவில் தன் பெயர் வராவிட்டால் வயலின் மேல் தன் அனுபவ உரிமை போய்விடும் என்றார் மிராசுதார். தன் பெயர் வராவிட்டால் நாளைக்குத் தண்டோராவையே சாட்சியாக வைப்பார்கள் என்றார் குடியானவர்.

"பெயரே வேண்டாம். வாய்க்காலோர வயல்னு மட்டும் சொல்லட்டும்" என்றேன்.

"சார், இத்தனை வருஷமா பேர் சொல்லிப் போட்ட தண்டோரா. இந்த வருஷம் மட்டும் பேர் இல்லேன்னா என்ன அர்த்தம்? என் பேர் இல்லேன்னு அர்த்தம்" என்றார் மிராசுதார்.

"ஐயா, பேர் சொல்லலேன்னா பழைய பேருன்னுதானே ஊரு நெனைக்கும்? அதுக்கு நான் சும்மாவே இருந்திருக்கலாமே" என்றார் குடியானவர்.

"நாய் செத்தா?"

"யாரு நாய்?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்த விசாரணையில் அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். விவரத்தை எழுதி, பெயர் குறிப்பிடாமல் தண்டோரா போட அனுமதி கேட்டுத் தாசில்தாருக்கு அனுப்பினேன். உத்தரவு வரும்வரை தண்டோரா நிறுத்திவைக்கப்பட்டது. எலிகளுக்கு அந்தத் தகவல் போகவில்லை.

மருந்து வைப்பதுகூட அனுபவத்துக்கு அத்தாட்சி என்பதை இருவருடைய வக்கீல்களும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே இருவருமே மருந்து வைக்கத் தயாரானார்கள், ஒரே வயலில். மிராசுதார் வீட்டில் பொரியும் வெல்லமும் தேங்காயெண்ணெயும் வாங்கினார்கள். அவர் வைப்பது சைவ மருந்து. குடியானவர் வீட்டில் கருவாட்டை வறுத்து இடித்தார்கள். எலிகளுக்கு இரண்டு பந்தி தயாராகிக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும். தண்டோராதான் பாக்கி.

கருவாடு வறுபட்ட வாசம் எங்கள் கொல்லைவரை வந்தது. நாய் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த என் மனைவியின் முகத்தை நானும் பார்த்தேன்.

"இது போயிடும்ங்க" என்றாள். "வாசம் பிடிச்சுக்கிட்டு நேரா வயலுக்குப் போயிடும்."

"கட்டிப் போடு."

கட்டினாள். நாய் ஊளையிட ஆரம்பித்தது. நாள் முழுக்க ஊளை. பால்சோறு வைத்தாள், தொடவில்லை. நெய் விட்டுப் பிசைந்து வைத்தாள், முகர்ந்துவிட்டு அவளையே பார்த்தது. பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அப்பாலிருந்து, "ஏம்மா, வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஊளைக்கு அந்தத் தெருவில் வேறு அர்த்தம் உண்டு.

மறுநாள் பஸ்ஸில் அவள் தம்பி வந்தான். அவளே தகவல் சொல்லி வரவழைத்திருக்கிறாள். பையில் நெத்திலிக் கருவாடு, வாழைச்சருகில் சுற்றி அதன் மேல் துணி சுற்றி. மைத்துனன் பிரயாணம் முழுக்கப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் வந்ததாகச் சொன்னான்.

"நிபந்தனை இருக்கு" என்றேன்.

"மனுஷங்களுக்குத்தானே. நானோ நீங்களோ சாப்பிடப் போறதில்ல."

"அடுப்புல ஏறக்கூடாதுன்னுதான் சொன்னார். யார் வாய்ல போவுதுன்னு சொல்லல."

"அப்ப அடுப்புல ஏத்தல. கொல்லையில கல்லு வெச்சுக்கறேன்."

விதிகளைப் படிக்கும் திறமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கொல்லை மூலையில் மூன்று செங்கல் வைத்து மண்சட்டி ஏற்றினாள். கருவாட்டில் இருக்கும் உப்பு நாய்க்கு ஆகாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நக்கிப் பார்த்துவிட்டு அவளே முடிவு செய்தாள். தலையைக் கிள்ளி, தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறப்போட்டு, மறுபடி கொட்டி, உப்புக் கரிப்பு அடங்கிய பிறகு வேகவைத்தாள். புளி இல்லை, மிளகாய் இல்லை, வெங்காயம் இல்லை. குழைய வடித்த சோற்றில் போட்டு, முள் குத்தாதபடி விரலால் நசுக்கி, ஆறவைத்து, ஒரு மண்தட்டில் வைத்தாள். நாய் தட்டை நக்கி நக்கித் தரையிலே தள்ளிக்கொண்டு போனது. பிறகு கிணற்றடி நிழலில் வயிற்றைக் காட்டிப் படுத்துத் தூங்கியது. ஊளை நின்றது.

அவளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டில் ஒட்டியிருந்த ஒரு நெத்திலித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

வாசம் மட்டும் சுவரேறித் தெருவுக்குப் போனது. சில நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. சாம்பிராணிப் புகைதான் எல்லா வீட்டிலும் வழக்கத்தைவிட அதிகமாக எழுந்தது. கடைசியில் ஒரு காலையில் மிராசுதாரே வந்தார். மனிதர் மரியாதை குறையாதவர். வாசலில் நின்றபடி மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சார், தெருவுல ஒரு மாதிரிப் பேசிக்கிறாங்க."

"என்ன பேசிக்கிறாங்க?"

"உங்க வீட்ல கருவாடு கொதிக்குதுன்னு. கருவாடு எந்தத் தெருவுலேர்ந்து வருதுன்னு நான் கேக்கலை. மத்தவங்க கேக்கறாங்க."

"என் மச்சான் பட்டுக்கோட்டையிலேர்ந்து கொண்டுவந்தது."

"நான் நம்பறேன் சார்" என்றார். நம்பாதவர்கள் சொல்லும் விதத்தில்தான் சொன்னார். "நாய்க்குன்னு சொன்னாங்க. என் வீட்லயும் நாய் இருக்கு. குட்டியிலேர்ந்து மோர்சாதம்தான். ஒருநாள் மூஞ்சியைத் திருப்பினதில்ல."

"அதைக் கட்டி வைங்க. நீங்களும் அவரும் மருந்து வைக்கப் போறீங்களே."

"எதுக்குக் கட்டணும்? என் வயல்ல என் நாய் சுத்துது. இன்னிக்குக் கட்டினா நாளைக்கு வயல் என்னுது இல்லேன்னு ஆயிடும்."

உள்ளேயிருந்து என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் கொல்லைக்குப் போய், பாதி வெந்துகொண்டிருந்த சட்டியை இறக்கிவைத்துவிட்டு நெருப்பில் தண்ணீர் ஊற்றினாள்.

"என்னால உங்களுக்குப் பேர் கெட வேணாம்" என்றாள். அவ்வளவுதான். பழையபடி கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் இரண்டு தரப்பும் மருந்து வைத்தது.

நான் கணக்குப்பிள்ளை வீட்டில் அடங்கல் என்கிற சாகுபடிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையாரி வேகமாக வந்தார்.

"ஐயா, உங்க வீட்டம்மா சட்டியைத் தூக்கிக்கிட்டுத் தெருவழியா போறாங்க. கால்ல செருப்புகூட இல்லீங்க."

பசித்த நாய் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அறுந்த முனையைப் பார்த்ததும் அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. அரைவேக்காட்டுக் கருவாட்டுச் சட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு, மூடிகூட இல்லாமல், சைவத் தெருவின் நடுவில் நடந்து, மிராசுதார் வீட்டைக் கடந்து, தெற்கே வயலுக்குப் போயிருக்கிறாள். நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது தகராறு வயலின் நடுவரப்பில் நின்று, "டேய்! டேய்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

சுற்றுவட்டாரத்தில் இருந்த ஆம்பிளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

குடியானவரின் மனைவி அடுத்த வரப்பில் ஆட்டைக் கட்டி மேயவிட்டுப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரைத்தாம்மா டேய்ங்கறீங்க? எங்க வூட்டுக்காரரு வந்து நிக்கப்போறாரு."

"நாயைங்க. நாயைப் பாத்தீங்களா?"

"கருவாட்டுச் சட்டியோட வந்து கூப்புட்டா நாய் என்னம்மா, நானே வருவேன்" என்றவர், இவள் முகத்தைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டார். "அந்தப் பக்கம், வாய்க்கா ஓரமா கதிரு ஆடுது பாருங்க. இருங்க, ஓடாதீங்க. ஓடுனா அது வெளையாட்டுன்னு நெனைச்சு உள்ள போயிடும்."

என் மனைவி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சட்டிக்குள் கையை விட்டுப் பிசைந்தாள். காற்று எங்கள் பக்கத்திலிருந்து வாய்க்கால் பக்கம் அடித்தது. கதிர்கள் விலகின. நாய் வெளியே வந்தது. வாயில் ஒரு எலி, வால் தொங்கிக்கொண்டிருந்தது. செத்த எலியா, அது பிடித்த எலியா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

அவள் கூப்பிடவில்லை. கத்தவில்லை. ஒரு கை கருவாட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாய் எலியைப் பார்த்தது, கையைப் பார்த்தது. அந்த நாயை விட நிதானமாகத் தீர்ப்பு யோசித்த அதிகாரியை நான் என் காலத்தில் பார்க்கவில்லை. பிறகு எலி கீழே விழுந்தது.

அவள் அதை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். நன்றாக வளர்ந்த நாய், கால்கள் அவள் இடுப்புக்குக் கீழே தொங்கின. நான் சட்டியைத் தூக்கிக்கொண்டேன். விசாரணையில் உள்ள வயலிலிருந்து விசாரணை அதிகாரி கருவாட்டுச் சட்டியோடு வெளியேறியதை இரண்டு தரப்புச் சாட்சிகளும் பார்த்தார்கள்.

அதற்கு முன் வேறு எலி எதையாவது விழுங்கியிருந்ததா, மருந்துத் தீனி எதையாவது தொட்டதா என்பது தெரியாது. குத்தாலத்திலிருந்த மாட்டாஸ்பத்திரிக்குத் தலையாரியைச் சைக்கிளில் அனுப்பினேன். அங்கிருந்த கம்பவுண்டர், இனி எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள், வாந்தியெடுத்தாலோ வயிறு உப்பினாலோ உடனே வண்டியில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியனுப்பினார். அவள் கொல்லையில் நாயின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வெயில் கிணற்றுச் சுவரிலிருந்து இறங்கி, துவைக்கிற கல்லுக்கு வந்து, போய்விட்டது.

"பிரசவத்தப்ப நீங்க முகாம்ல இருந்தீங்க" என்றாள் திடீரென்று.

"ஆமா."

"இன்னிக்கு வந்தீங்க."

நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, காலியான மண்தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு அவளிடம் வந்தது. அப்போதுதான் அவள் அழுதாள். முதல் தடவையாக அழுதாள், எல்லாவற்றுக்கும் சேர்த்து.

அதற்குள் ஊரில் இரண்டு உயிர் போயிருந்தது. மோர்சாதத்திலேயே வளர்ந்த மிராசுதார் வீட்டு நாய், குடியானவர் வைத்த கருவாட்டு மருந்தைத் தின்றுவிட்டது. வரப்பில் மேய்ந்த குடியானவர் வீட்டு ஆடு, மிராசுதார் வைத்த பொரியைத் தின்றுவிட்டது. ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனால் வரப்புப் புல்லில் பாத்தியதை போய்விடும் என்று அந்த அம்மாளின் வீட்டுக்காரர் சொல்லியிருந்தாராம். மிராசுதார் தன் நாயின் பக்கத்தில் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். இரண்டு இடத்திலும் துக்கம் ஒன்றுதான். புகார்தான் இரண்டு. திட்டமிட்டு விஷம் வைத்தார்கள் என்று ஒருவர் மேல் ஒருவர் எழுதிக்கொடுத்தார்கள். இரண்டும் விசாரணைக்கு என்னிடமே வந்தன.

பிறகு எனக்கு மேலே இருந்தவர்களுக்கு இரண்டு மொட்டை மனுக்கள் போயின. ஒன்று, ஆர்.ஐ. குடியானவரிடம் கருவாடு வாங்கித் தின்கிறார் என்றது. இன்னொன்று, அவர் மிராசுதார் தெருவிலேயே குடியிருந்துகொண்டு அவர்களுக்கு வேண்டியதைச் செய்கிறார் என்றது. இரண்டும் முடிந்த விதம் ஒன்று. தண்டோராவை நிறுத்திவைத்துவிட்டு, மருந்து வைக்கும் நாளை ரகசியமாக அறிந்து, தன் நாயை மட்டும் காப்பாற்றிக்கொண்டார். இல்லையென்றால் ஆர்.ஐ. வீட்டு நாய் மட்டும் பிழைத்தது எப்படி?

தாசில்தார் அலுவலகத்திலிருந்து குறிப்பாணை வந்தது. 'தங்கள் நாய் மட்டும் உயிர் பிழைத்ததற்கான விவரத்தை உடனடியாகத் தெரிவிக்கவும்.'

தலைப்பு, பார்வை எண் எல்லாம் எழுதிவிட்டு அதற்கு மேல் போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதுவது என்று அவளைக் கேட்டேன். அவள் கொல்லையில் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நடந்ததை எழுதுங்க. கருவாட்டை ஊறவெச்சு உப்பெடுத்து, சோத்துல பெசைஞ்சு போட்டேன். வயிறு நெறைஞ்சிருந்த நாளெல்லாம் வீட்லயே கெடந்துச்சு. போடாத ஒரு நாள் போச்சு. சட்டியைத் தூக்கிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தேன். வேற என்ன?"

அப்படியே எழுதினேன். 'மேற்படி நாய்க்கு எனது மனைவி, கருவாட்டைத் தண்ணீரில் இரு முறை ஊறவைத்து உப்பை நீக்கி, புளி, மிளகாய், வெங்காயம் ஆகியவை சேர்க்காமல் வேகவைத்து, குழைந்த சாதத்துடன் கலந்து அளித்துவந்தார். மேற்படி கருவாடு பட்டுக்கோட்டையிலிருந்து எனது மைத்துனரால் கொண்டுவரப்பட்டது. மருந்து வைக்கப்படவிருந்தது ஊரார் அனைவரும் அறிந்ததே. மற்றவர்கள் தங்கள் பிராணிகளைக் கட்டாததற்கான காரணம் அவர்களிடமே கேட்டறியப்பட வேண்டும்.' நான் சர்க்காருக்கு எழுதியவற்றில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லாதது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

விளக்கம் ஏற்கப்பட்டது. கூடவே மாறுதல் உத்தரவும் வந்தது, நிர்வாக நலன் கருதி. வயல் விவகாரம் அடுத்த ஆர்.ஐ.க்குப் போயிற்று. அவரிடமிருந்து அதற்கு அடுத்தவருக்கும் போயிருக்கும்.

நாங்கள் கிளம்பிய நாளில் அறுவடை முடிந்து வயலெல்லாம் வெறும் நெல்தாளாகக் கிடந்தது. மாட்டுவண்டியில் பாத்திரப் பெட்டி, படுக்கைச் சுருட்டு, அரிசி மூட்டை. மூட்டை மேல் நாய். மண்தட்டை வைக்கோலில் சுற்றி அவள் மடியில் வைத்திருந்தாள். மிராசுதார் வாசலுக்கு வந்து நின்றார். நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பை எடுத்துட்டுத்தானே போடறது?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

"ஆமாங்க. ரெண்டு தண்ணி மாத்தணும்."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெருமுனையில் தமுக்குச் சத்தம் கேட்டது. தலையாரி வந்துகொண்டிருந்தார். வாய்க்காலோர வயலில் நாளைக்கு எலி மருந்து, நாயைக் கட்டுங்க, ஆட்டைப் பிடிங்க, கோழியை அடைங்க என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"இப்ப எதுக்கய்யா தண்டோரா? வயல்ல என்ன இருக்கு?"

"உத்தரவு இன்னிக்குக் காலையிலதாங்க வந்துச்சு. பேர் குறிப்பிடாம தண்டோரா போட்டு, போட்ட விவரத்தைத் தெரிவிக்கணும்னு இருக்குங்க. போடாம எப்படித் தெரிவிக்கிறது?"

நடைமுறை சரிதான். அவர் தமுக்கைத் தட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குத் திரும்பினார். வண்டி நகர்ந்தது. என் மனைவி அரிசி மூட்டைப் பக்கம் திரும்பி, நாயின் கழுத்துக் கயிற்றை எடுத்து, தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.